"வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் காசு போடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் ஐந்து அறையோடு சின்ன விடுதி நடத்துகிறேன். எங்களுக்கு உழைப்பு சித்திரையிலிருந்து நாலைந்து மாதம்தான், கடல் அடங்கி நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓடுகிற காலம். அதற்கு முன் மூன்று அறைக்கு ஏசி பூட்ட கொழும்பில் ஒரு கடையோடு ஈமெயிலில் பேசி முடித்தேன். 485,000 ரூபாய். காசு போய்விட்டது, ஏசி வரவில்லை.

பில் வந்து இரண்டாம் நாள் அதன் கீழேயே இன்னொரு மெயில். "எங்கள் கணக்கில் ஓடிட் நடக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்குப் போடுங்கள், இன்றைக்கே போட்டால் வெள்ளிக்கிழமை லொறியில் ஏற்றலாம்." நாங்கள் முன்பு எழுதியது எல்லாம் அடியில் அப்படியே இருந்தது, கடையின் முத்திரை, கடையிலிருந்து எனக்கு எழுதுகிற பிள்ளை வழமையாகப் போடும் "நன்றி அண்ணா" கூட. உடனே போனிலேயே அனுப்பினேன். கடையின் பெயரைத்தான் டைப் செய்தேன், பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் காசு திரும்பும் என்று நம்பியிருந்தேன். திரும்பவில்லை.

வெள்ளியும் போய், திங்கள் நானே போன் எடுத்தேன். "அண்ணா, மூன்று மெயில் போட்டோம், பதிலே இல்லை, வேண்டாமாக்கும் என்று நினைத்தோம்" என்றார் அந்தப் பிள்ளை. எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, ஏனென்றால் அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் காணவில்லை.

காளி கோயிலடியில் கம்பியூட்டர் திருத்துகிற தம்பி ஒருவர் இருந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். முகவரியில் ஆங்கில 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள், போன் திரையில் வித்தியாசமே தெரியாது. அதிலும் போனில் பெயர் மட்டும்தான் காட்டும், அதைத் தொட்டால்தான் முகவரி வரும். ஆனால் இதைவிடப் பெரியது, கள்ளன் என் மெயிலுக்குள்ளேயே இருந்திருக்கிறான். மாசியில் "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது" என்று ஒரு லிங்க் வந்து அதில் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் வாசித்து, பில் வரும்வரை பொறுத்திருந்து, கடையிலிருந்து வருவது இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுங்கிப் போக ஒரு பில்டரும் போட்டிருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தப் பில்டர் அழியாது, தயவுசெய்து இதை விளங்கிக்கொள்ளுங்கள். ஜிமெயில் என்றால் போன் ஆப்பில் தெரியாது, கணினியில் செட்டிங்ஸ் திறந்து பில்டர், ஃபார்வர்டிங் (வருகிற மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்கள். இன்பாக்ஸின் அடியில் வலப்பக்கம் கடைசியாக எங்கிருந்து திறந்தார்கள் என்பதும் இருக்கும். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கிற இரண்டு படிச் சரிபார்ப்பை நான் அன்றைக்குத்தான் போட்டேன், மாசிக்கு முன்பே போட்டிருந்தால் பாஸ்வேர்ட் மட்டும் அவனுக்குப் போதாமல் போயிருக்கும்.

வங்கிக்கு நான் போனது ஐந்தாம் நாள். அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். ஒன்லைனில் போடும் காசு உடனே போய்ச் சேர்ந்துவிடும், அதனால் சந்தேகம் வந்த அந்த நிமிடமே வங்கிக்குப் போன் அடியுங்கள், பிறகு பொலிஸ். இணைய மோசடிகளைக் கவனிக்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு (CERT) 101. அந்த மெயிலை அழிக்க வேண்டாம், முறைப்பாட்டுக்குத் தேவைப்படும்.

கணக்கு மாறியது என்று யார் எழுதினாலும் போன் எடுத்துக் குரலில் கேளுங்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு எடுக்காதீர்கள், அதுவும் அவனுடையதாக இருக்கலாம். முன்பு நீங்கள் கதைத்த எண்ணுக்கே எடுங்கள். எனக்கு அந்த எண் போனிலேயே இருந்தது.