யாழ்ப்பாணக் கறித்தூள்: ஒரு பொதியும் அதன் பெயரும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள சிறிய மில்லொன்றில் வாங்கிய இந்தக் கறித்தூளில், செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பக்குவமாக வறுத்து அரைத்த மணம் தெளிவாக எழுகிறது. மீன் குழம்புக்கு உறைப்போடு நல்ல கருஞ்சிவப்பு நிறத்தையும் தந்தது. வெந்தயம் சற்றுக் கூடுதலாக வறுபட்டிருப்பது மட்டுமே குறை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த, அதே பெயர் தாங்கிய பொதியிலோ வறுத்த வாசமே இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. இப்படியான பெயரைக் காக்க ஒரு வழி, ஒரு பிரதேசத்தின் பெயரை அந்தப் பிரதேசத்துப் பொருளுக்கே உரித்தாக்கும் புவிசார் குறியீடு. இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. பழநிப் பஞ்சாமிர்தம் இந்தியாவில் 2019 இல் அதனைப் பெற்றது. எனினும் இத்தகைய பதிவு பெயரையே காக்கும். செய்முறையை எவரும் பின்பற்றலாம். பதிவான எல்லைக்கு அப்பால் அது பொதுவாகச் செல்லாதாகையால், கனடாவிலும் பிரித்தானியாவிலும் தனித்தனியே பாதுகாப்புத் தேட வேண்டியிருக்கும். அதற்கு முன்னர், எந்தச் சரக்கு, எந்த அளவில், எந்தப் பிரதேசத்துக்குள் என்பதை உற்பத்தியாளர்கள் எழுத்தில் உடன்பட வேண்டும். வீட்டுக்கு வீடு அளவு மாறும் தூளுக்கு இதுவே கடினமான வேலை.

இந்தத் தூளை மீண்டும் வாங்குவேன். சரக்குகளின் விபரத்தையும் அரைத்த திகதியையும் உறையில் அச்சிடுமாறு மில்காரரிடம் கேட்டிருக்கிறேன்.