பதிவாளரை மாற்றுவதா, நேம்சர்வரை மட்டும் மாற்றுவதா?

டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, நமக்காகப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனமே பதிவாளர். அதன் சேவை பிடிக்காதபோது பலரும் உடனே பதிவாளரையே மாற்ற முற்படுகிறார்கள். தளம் மெதுவாக இயங்குவதோ மின்னஞ்சல் தடைபடுவதோதான் குறை என்றால், தளத்தையும் மின்னஞ்சலையும் வேறு சேவையில் அமைத்துக்கொண்டு, அவை எங்கே இருக்கின்றன என்று இணையத்துக்குக் காட்டும் நேம்சர்வரை மட்டும் மாற்றினாலே போதும். நேம்சர்வர் மாற்றத்தைப் பதிவாளரிடம் உள்ள கணக்கில் நுழைந்து சில நிமிடங்களில் செய்துவிடலாம். ஆனால் .காம் பெயர்களில் பழைய விவரம் இரண்டு நாள் வரை தற்காலிக நினைவகங்களில் தங்கக்கூடும் என்பதால், பழைய சேவையை உடனே நிறுத்திவிடக் கூடாது.

பதிவாளர் மாற்றம் இதைவிடப் பொறுமையைச் சோதிப்பது. முதலில் டொமைனை வேறிடம் மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான கடவுச்சொல் போன்ற அங்கீகாரக் குறியீட்டைப் பெற வேண்டும். அதைத் தர, டொமைன் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் விதிப்படி பழைய பதிவாளருக்கு ஐந்து நாள் அவகாசம் உண்டு. புதிய பதிவாளரிடம் விண்ணப்பித்த பின் பழையவர் மறுப்போ ஒப்புதலோ தெரிவிக்காவிட்டால், மேலும் ஐந்து நாள் காத்திருக்க நேரும். புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாட்களுக்குள் மாற்ற முயன்றால் மறுக்கப்படலாம். உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ திருத்தினாலும் பெரும்பாலும் 60 நாள் பூட்டு விழுகிறது. மாற்றத்துக்கு ஆயத்தமாக முகவரியைச் சரிசெய்தவரே அதில் சிக்கிக்கொள்வது எனக்கு நியாயமாகவே படவில்லை.

இருந்தும், புதுப்பிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனாலோ கணக்கின் பாதுகாப்பில் நம்பிக்கை போய்விட்டாலோ பதிவாளரை மாற்றுவதே சரி, ஏனெனில் நேம்சர்வர் மாற்றம் அவற்றைத் தொடாது. .காம் மாற்றத்துக்குச் செலுத்தும் கட்டணத்தில் பதிவுக்காலமும் ஓராண்டு நீள்கிறது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்குங்கள்.