கார்ல ஜிபிஎஸ் போட்டு ரெண்டேகால் வருசம்: அந்த ஆன்டெனாவப் பத்தி மட்டும் கொஞ்சம் பேசோணும்

போன வாரம் பங்காளி ஒருத்தன் போன் பண்ணினான். முதல் கார் எடுத்திருக்கான், செகண்ட் ஹேண்ட் ஆல்டோ. "பத்தாயிரத்துக்குள்ள ஜிபிஎஸ் ஒண்ணு போடோணும், நீ போட்டு ரெண்டு வருசம் ஆச்சல்ல, எப்படி இருக்குது"ன்னு கேட்டான். அவன் கேட்ட நேரம் பாருங்க, அன்னைக்கு மத்தியானந்தான் டேஷ்போர்டைக் கழட்டி வேலை பாத்துட்டு வீட்டுக்கு வந்திருந்தேன், வந்த கோவம் அடங்கவே இல்ல. போன்லயே முக்கா மணி நேரம் பேசிட்டேன், இருந்தாலும் மனசு ஆறல, அதான் இங்க எழுதறேன்.

என்னுது 2014 வேகன்ஆர். மேப்பும் ஜிபிஎஸ்ஸும் உள்ளயே இருக்கற 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, 2 ஜிபி ரேம், 32 ஜிபி மெமரி, ரிவர்ஸ் கேமரா, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 8,200 ரூவா. ஸ்பெக் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், எல்லாக் கடையிலயும் இதே மாதிரி டப்பாதான் தொங்குது. பாட்டு நல்லா கேக்குது, கேமரா பரவால்ல, டச் வெயில்ல கொஞ்சம் மக்கர் பண்ணும். அதெல்லாம் விடுங்க.

நான் இதை வாங்கினதே தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வைக்கத்தான். நம்ம பக்கத்துல ஒறம்பரைன்னா, அதான் சொந்தக்காரங்க, ஒரு ஊர்ல ரெண்டு ஊர்ல இருக்கறதில்ல, காங்கயம், வெள்ளகோவில், முத்தூர், தாராபுரம்னு பரந்து கெடக்கறாங்க, அதுலயும் பாதிப் பேரு ஊருக்குள்ள இல்லாம தோட்டத்துச் சாளைல, அதான் தோட்டத்து வீட்டுல, குடியிருக்கறவங்க. ஊர்ப் பேரோ கேக்கவே வேண்டாம். புதுப்பாளையம்னு டைப் பண்ணினா வரிசையா ஒரு டஜன் வந்து நிக்கும், புதூரு அதுக்கு மேல, வலசுன்னு முடியற ஊரு இன்னும் மேல. எந்தப் பாளையம்னு தெரிய பக்கத்து ஊரு பேரும் போஸ்டாபீஸ் பேரும் தெரிஞ்சிருக்கோணும். அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாடியே வாட்ஸாப்ல லொகேஷன் வாங்கி வெச்சுக்கிட்டேன். இது ரொம்ப உருப்படியான வேலை, இன்னைக்கும் யாரு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன், பேரைப் போட்டுத் தேடாதீங்க, லொகேஷன் கேட்டு வாங்கிக்கோங்க.

பிரச்சினை எங்க வந்துச்சுன்னா, திரையில இருக்கற அம்புக்குறி கார் இருக்கற எடத்துல இருக்காது. நாம போயிட்டே இருப்போம், அது நூறு நூத்தம்பது மீட்டர் பின்னாடியே வந்துட்டு இருக்கும். பைபாஸ்ல போறப்ப ஒண்ணும் தெரியாது. கிராமத்து ரோட்டுல, பத்தடி அகலத்துல இடது பக்கம் பிரியற தடம் இருக்குதுன்னு வைங்க, அதைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் "இடது பக்கம் திரும்பவும்"னு சொல்லும். காலைல வண்டி ஸ்டார்ட் பண்ணினா இன்னொரு கூத்து, நாலு நிமிசம் அஞ்சு நிமிசம் தேடிட்டே இருக்கும், நாம மெயின் ரோட்டுக்கே வந்து சேர்ந்திருப்போம், அது இன்னும் நேத்து ராத்திரி வண்டி நிறுத்துன எடத்தையே காட்டிட்டு இருக்கும்.

முத்தூருப் பக்கம் ஒரு நாளு பொழுதோட போயிட்டு இருந்தோம், நானும் அப்பாவும். திரும்ப வேண்டிய எடத்தைத் தாண்டியாச்சு. உடனே அது புதுசா ஒரு தடம் போட்டுக் குடுத்துச்சு, நானும் நம்பித் திருப்பிட்டேன். தார் ரோடு முடிஞ்சு மண் தடம், மண் தடம் முடிஞ்சு இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல வண்டிச் சக்கரம் போன பள்ளம், கார் போறதுக்கு மட்டுந்தான் எடம், கதவைத் தொறக்கக்கூட முடியாது. எதுக்க ஒரு பட்டி அடைச்சிருந்துச்சு. திருப்பவும் முடியாது, முன்னால போகவும் முடியாது. அப்பா எப்படியோ நெளிஞ்சு எறங்கி, செல்போன் டார்ச்ச அடிச்சுட்டுப் பின்னாடி நடந்து வர, அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வந்தேன். வேலியில இருந்த வேலா முள்ளு இடது பக்கம் முன் கதவுல இருந்து பின் கதவு வரைக்கும் ஒரே கோடா இழுத்துருச்சு. மெயின் ரோட்டுக்கு வந்ததும் அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "கண்ணு, அந்த டப்பாவ அணைச்சுப் போட்டு டீக்கடையில எறங்கிக் கேளு". அவரு திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் போட்டுக் குடுத்த கடைக்கு மூணு தடவை போனேன். மொதல் தடவை சாஃப்ட்வேர் அப்டேட்னாங்க. ரெண்டாவது தடவை எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணிக் குடுத்தாங்க. மூணாவது தடவை "உங்க ஏரியாவுல டவர் இல்லீங், சிம் போட்டு நெட் குடுங்க சரியாயிரும்"னாங்க. இதுதான் எனக்குப் பொறுக்கல. ஜிபிஎஸ்ஸுக்கும் செல் டவருக்கும் சம்பந்தமே இல்லீங்க. மேப் படம் எறக்கறதுக்கும் டிராஃபிக் காட்டறதுக்கும்தான் நெட் வேணும், நாம எங்க இருக்கோம்கறது மேல சுத்தற சேட்டிலைட்ல இருந்து நேரா வர்றது. 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து வர்றதால அந்த சிக்னல் ரொம்ப ரொம்ப மெலிசு. ஒவ்வொரு சேட்டிலைட்டும் "நான் இந்த நேரத்துல இந்த எடத்துல இருக்கேன்"ங்கற விவரத்தை 30 செகண்டுக்கு ஒருக்கா திருப்பித் திருப்பி அனுப்பிட்டே இருக்குது, கொறஞ்சது நாலு சேட்டிலைட்டோடதை அறுபடாமக் கேட்டாத்தான் டப்பாவுக்கு எடம் புரியும். நடுவுல அறுந்துச்சுன்னா அடுத்த சுத்துக்குக் காத்திருக்கோணும். போன் மட்டும் ஏன் டக்குனு புடிக்குதுன்னா, அது அந்த விவரத்தை நெட்ல இருந்து வாங்கிக்கும். அப்ப நெட் குடுத்தா கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிக்கும், அது வாஸ்தவம், ஆனா ஓடிட்டு இருக்கறப்ப அம்பு பின்தங்கறது அதனால சரியாகாது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ரிவர்ஸ் கேமரா திடீர்னு வேலை செய்யல, பெருந்துறைல ஒரு கார் எலக்ட்ரீசியன்கிட்ட விட்டேன், சின்னப் பையன், முப்பது வயசு இருக்காது. ஸ்டீரியோவ வெளிய இழுத்துக் கையை உள்ள விட்டவன் "அண்ணா, இங்க வந்து பாருங்"ன்னான். தீப்பெட்டியவிட சின்னதா கருப்பு சதுரம் ஒண்ணு, அதான் ஜிபிஎஸ் ஆன்டெனா. அடியில காந்தம் இருக்கும். அந்தக் காந்தத்தை ஸ்டீரியோவுக்குப் பின்னாடி இருக்கற இரும்புப் பட்டையில தலைகீழா ஒட்டி விட்டிருக்காங்க, வானத்தைப் பாக்க வேண்டிய மூஞ்சி கீழ என் காலைப் பாத்துட்டு இருக்குது. அதுக்கு மேல ஏசி டக்ட், அதுக்கு மேல இன்னொரு இரும்பு. மூணு மீட்டர் வயரைச் சுருட்டி இன்சுலேஷன் டேப் சுத்தி அதே எடத்துல திணிச்சு வெச்சிருக்குது. ஒட்டறதுக்குன்னு கூடக் குடுத்த டபுள் டேப்போட பேப்பரைக்கூட உரிக்கல.

ரெண்டேகால் வருசம். அந்தப் பேப்பரை உரிச்சு ஒட்ட எத்தனை நேரம் ஆகும்?

அந்தப் பையன் வயரை ஏ பில்லர், அதான் முன் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கற தூண், ஓரமா கொண்டு வந்து, கண்ணாடிக்குக் கீழ டேஷ்போர்டு மூலையில மூஞ்சி மேல பாக்கற மாதிரி ஒட்டிக் குடுத்தான். இருவது நிமிசம், கேமராவுக்குத் தனி, இதுக்கு 200 ரூவா. கழட்டறதுக்கு முன்னாடி சேட்டிலைட் எண்ணிக்கை காட்டற இலவச ஆப் ஒண்ணு போட்டுப் பாத்தோம், அஞ்சு, அதுலயும் ரெண்டு வந்து வந்து போச்சு. ஒட்டினதுக்கு அப்புறம் பதினாறு. மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணினப்ப முக்கா நிமிசம் ஆகல, எடத்தைப் புடிச்சிருச்சு. டப்பா அதேதான், மேப் அதேதான். கண்ணாடி வழியாவும் பிளாஸ்டிக் வழியாவும் சிக்னல் வரும், இரும்பு வழியா வராது, இவ்வளவுதான் விசயம். டேஷ்கேம், அதான் முன்னாடி ரோட்டைப் படம் புடிக்கற கேமரா, வெச்சிருந்தா அதுக்குப் பக்கத்துலயும் ஆன்டெனாவ ஒட்டாதீங்க, மலிவு கேமரா சிலது கெளப்பற இரைச்சல் ஜிபிஎஸ்ஸைக் கெடுத்துரும்.

சரியானதுக்கு அப்புறம் ஒருக்கா தாளவாடி போனோம், திம்பம் வழியா. அந்த மலை ரோட்டுல ராத்திரி வண்டிக்குத் தடை இருக்கறதால வெடியாலயே கெளம்பி பண்ணாரி செக்போஸ்ட் தாண்டியாச்சு. 27 கொண்டை ஊசி, மேல ஏற ஏறப் பனி, போன்ல டவர் சுத்தமா இல்ல. முந்துன நாளே அந்த ஏரியா மேப்பை வீட்டு வைஃபைல எறக்கி வெச்சிருந்தேன். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துலன்னு 9 இன்ச் திரையில அம்பு அப்படியே காரோடவே நகர்ந்துச்சுங்க. வளைவுல ஹாரன் அடிக்கறதுக்கோ எதுக்க வர்ற லாரிக்கு ஒதுங்கறதுக்கோ அது மாத்து இல்ல, ஆனா பனிக்குள்ள மனசுல ஒரு தெம்பு வந்துச்சு பாருங்க, அதுக்காகவே இந்தச் சாமானை எனக்கு இப்ப ரொம்பப் புடிக்குது. அப்பாவும் பின் சீட்டுல இருந்து தமிழ்க் குரல் சொல்லச் சொல்ல "ஆமா சரியாத்தான் சொல்லுது"ன்னுட்டே வந்தாரு.

ஒண்ணே ஒண்ணு, எறக்கி வெச்ச மேப்பை அப்பப்ப புதுப்பிச்சுக்கோணும். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர்ல தொறந்தாங்கல்ல, என்கிட்ட இருந்தது அதுக்கு முந்துன மேப். மேல போயிட்டு இருக்கோம், அது கீழ போறதா நெனச்சு ஒவ்வொரு சிக்னலுக்கும் "யூ டர்ன்"ங்குது. புது மேப் போட்டாலும் மேல இருக்கோமா கீழ இருக்கோமான்னு அம்புக்குக் கொழப்பம் வரும், ரெண்டு ரோடும் ஒண்ணு மேல ஒண்ணுதான இருக்குது. பாலம் ஏறறதா வேண்டாமான்னு போர்டைப் பாத்து நாமளே முடிவு பண்ணிக்கறது நல்லது.

பங்காளி கேட்ட மத்ததுக்கெல்லாம் சுருக்கமாச் சொல்றேன். தனியா கண்ணாடியில ஒட்டற ஜிபிஎஸ் கருவி இப்ப வாங்கறது காசுக்குக் கேடு, போன்லயே அதைவிட நல்ல மேப் இருக்குது. ஜிபிஎஸ் மாதிரியே நம்ம நாட்டு சேட்டிலைட்ல ஓடற நாவிக் வேணும்னான், சிப்பே அதுக்குத் தகுந்ததா இருந்தாத்தான் வரும், இந்த வெலை டப்பாவுல அதை எதிர்பாக்காத. ரேம் 4 ஜிபின்னு செட்டிங்ஸ்ல காட்டினா நம்பிறாத, சில டப்பாவுல காட்டறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு. மஞ்ச வயர் எப்பவும் கரண்ட் இருக்கற எடத்துலயும் செவப்பு வயர் சாவி போட்டா வர்ற எடத்துலயும் இருக்கோணும். ரெண்டையும் ஒண்ணாச் செவப்புப் பக்கம் சேத்துட்டா சாவி எடுத்ததும் எல்லாம் மறந்துரும், மஞ்சப் பக்கம் சேத்துட்டா பேட்டரி எறங்கிரும்.

இவ்வளவும் சொல்லிட்டு, "அப்ப போடலாமா"ன்னான். வேண்டாம்னு சொல்லிட்டேன். 400 ரூவாய்க்கு நல்ல ஹோல்டர் ஒண்ணு, ஒரு நல்ல சார்ஜர், போன்லயே ஓட்டு. சித்திரை வெயில்ல போன் சூடாகி வெளிச்சம் கொறையும்தான், ஏசி காத்து வர்ற எடத்துல மாட்டிக்க. டப்பா நல்லாத்தான் இருக்குது, ஆனா உன் டேஷ்போர்டைக் கழட்டறவன் அந்தப் பேப்பரை உரிப்பானான்னு நான் எப்படிடா சொல்றது. கதவுல அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்குது, காலைல காரைத் தொடைக்கறப்ப எல்லாம் கை அதுலதான் போய் நிக்குது, இந்த லட்சணத்துல நான் யாருக்கும் வாங்குன்னு சொல்றதா இல்ல.

"அப்ப உன்னுதைக் கழட்டிக் குடு, அஞ்சாயிரத்துக்கு நான் எடுத்துக்கறேன்"னான். அது முடியாதுன்னுட்டேன், வர்ற மாசம் அப்பாவ வால்பாறை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன், அங்க 40 வளைவு.