பாலியில் டாலர் மாற்றுகிறவர்களுக்கு: கூடுதல் விலை எழுதிய பலகையைக் கண்டால் விலகிப் போங்கள்

நம் ஊரிலிருந்து பாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் ஒரு குடும்பமாவது தப்பித்துக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். குத்தா கடற்கரைக்குப் பின்புறச் சந்து ஒன்றில், ஒரு பணமாற்றுக் கடையில் எங்களிடமிருந்து 11 லட்சம் ரூபியாவை (இந்தோனேசியப் பணம்) உருவிவிட்டார்கள். நம் பணத்தில் 5,600 ரூபாய். இத்தனைக்கும் என் கணவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எண்ணி, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பணம் போனது.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஒரு டாலருக்குச் சந்தை மதிப்பு 16,300 ரூபியா அளவில் இருந்தது. பெரிய சாலையில் இருந்த ஒழுங்கான கடைகளில் 16,200 தந்தார்கள். சந்துக்குள் இருந்த கடையின் வாசல் பலகையில் 16,600 என்றும், கமிஷன் கிடையாது என்றும் எழுதியிருந்தது. முன்பக்கம் துணியும் மரச்சிற்பங்களும் விற்கும் கடை. அதன் கோடியில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் இரண்டு இளைஞர்கள். நாங்கள் 300 டாலர் கொடுத்தோம். கால்குலேட்டரில் பெருக்கி 49,80,000 என்று காட்டினார்கள். என் கணவர் கைப்பேசியிலும் போட்டுப் பார்த்தார், கணக்கு சரி.

ஒரு லட்சம் ரூபியா தாள் இல்லை, 50,000 தாளாகத்தான் தர முடியும் என்றார் ஒருவர். அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. ஒரு லட்சம் தாளாக இருந்தால் ஏறக்குறைய ஐம்பது தாள். 50,000 தாளாக வந்தால் நூறு. தாள் கூடக் கூட உருவுவது எளிது. இருபது இருபது தாளாகப் பிரித்து, பத்து லட்சத்துக்கு ஓர் அடுக்கு என்று மேசை முழுக்கப் பரப்பினார். அதற்குள் அடுத்தவர் என்னிடம், "இந்தியாவா? ஷாருக்கான்!" என்று பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், உபுத் போய்விட்டீர்களா என்று கேள்வி மேல் கேள்வி.

என் கணவர் எல்லா அடுக்கையும் எண்ணினார். ஒன்றில் ஒரு தாள் குறைந்தது. சொன்னதும் அந்த இளைஞர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, உடனே ஒரு தாளை எடுத்து வைத்தார். இப்போது கணக்கு முழுமை. அந்த ஒரு தாளை வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிறகு புரிந்தது. குறையை நாமே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்து அவர் எல்லா அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து, விளிம்புகள் நேராகும்படி மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, நடுவே மடித்து, ரப்பர் போட்டு நீட்டினார். அந்தத் தட்டலில்தான் கட்டின் பின்பாதியிலிருந்து ஒரு கற்றை மேசைக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. மேசையின் உட்புறம் நம் கண்ணுக்குத் தெரியாது. தட்டுகிற நேரம் பார்த்து அடுத்தவர் சத்தமாகச் சிரித்துப் பேசுகிறார். நம் பார்வை ஒரு நொடி திரும்பினால் அவர்களுக்குப் போதும்.

விடுதிக்கு வந்து பிரித்தபோது 38,80,000 இருந்தது. இருபத்திரண்டு தாள் இல்லை. பலகையில் 16,600 என்று இருந்த விலை, கைக்கு வந்தபோது டாலருக்கு 13,000கூட இல்லை. ஒழுங்கான கடையில் மாற்றியிருந்தால் 48,60,000 கிடைத்திருக்கும். பலகை காட்டிய ஆசை நம் பணத்தில் 600 ரூபாய். போனது அதைப்போல ஒன்பது மடங்கு.

உடனே திரும்பிப் போனோம். மேசையில் வேறு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்றார். ரசீது கேட்டார். அவர்கள்தான் ரசீதே தரவில்லையே! விடுதி மேலாளர் நல்ல மனிதர், எங்களோடு வந்து பேசிப் பார்த்தார். பலனில்லை. கடையை விட்டு வெளியே வந்துவிட்டால், அங்கே குறைந்தது என்று நிரூபிக்க வழியே கிடையாது என்று அவரே சொன்னார்.

பாலியில் இது பல ஆண்டுகளாக நடக்கும் வேலை. குத்தா, லெகியான், செமினியாக் பகுதிகளில் போய் வந்த வெளிநாட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் முறை கொஞ்சம் மாறும். சில இடங்களில் கால்குலேட்டரே குறைத்துக் காட்டும். சில இடங்களில் பணத்தைக் கொடுக்கும்போதுதான் கமிஷன் என்பார்கள். சுழியங்கள் அதிகமாக இருப்பதால் 10,000 தாளை ஒரு லட்சத்துக்கு நடுவே செருகுவதும் உண்டு. நிறத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லட்சம் சிவப்பு, 50,000 நீலம், 20,000 பச்சை, 10,000 ஊதா.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே. பணம் மாற்றும் கடைக்காரர் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையில்தான் வாழ்கிறார். சந்தை மதிப்பைவிடக் கூடுதலாக ஒருவர் தருகிறார் என்றால் ஒவ்வொரு டாலருக்கும் அவருக்கு நட்டம். நட்டத்துக்கு யாரும் கடை நடத்துவதில்லை. ஆகவே புறப்படும் முன் கைப்பேசியில் அன்றைய சந்தை மதிப்பைப் பாருங்கள். அதைவிடச் சிறிது குறைவாகத் தருகிறவர்தான் நேர்மையானவர். அதற்குச் சமமாகவோ மேலாகவோ எழுதியிருந்தால் நிற்கவே வேண்டாம்.

இந்தோனேசியாவில் வங்கி அல்லாத பணமாற்றுக் கடைகளுக்கு அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியா உரிமம் கொடுக்கிறது. உரிமம் உள்ள கடையில் 'பிவிஏ பெரிசின்' (PVA Berizin) என்ற முத்திரைப் பலகை இருக்கும். தனி அறை, கண்ணாடித் தடுப்பு, பணம் எண்ணும் இயந்திரம், அச்சிட்ட ரசீது எல்லாம் பெரும்பாலும் இருக்கும். துணிக்கடையின் பின்பக்கத்தில் மேசை போட்டிருந்தால் அது அந்த வகை இல்லை.

எங்கே மாற்றினாலும் பணத்தைக் கடைசியாகத் தொட்டவர் நீங்களாக இருக்க வேண்டும். நீங்கள் எண்ணி முடித்த பிறகு அவர் மீண்டும் கையில் எடுத்தால், அடுக்கவோ மடிக்கவோ ரப்பர் போடவோ எதற்காக எடுத்தாலும், முதலிலிருந்து எண்ணுங்கள். அதுவரை உங்கள் டாலரை அவர் பக்கம் தள்ளாதீர்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் எண்ண, மற்றவர் அவர்கள் கையை மட்டும் பார்க்கட்டும். ஒரு தாள் குறைந்தாலும் அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, டாலரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வங்கி வளாகத்தில் உள்ள ஏ.டி.எம். இதைவிட நிம்மதி. ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பணம் எடுக்கும்போது, இந்திய ரூபாயிலேயே கணக்கிடட்டுமா என்று திரை கேட்கும். நம் பணத்தில் தொகை தெரிந்தால் வசதிதானே என்று தோன்றும். ஒப்புக்கொண்டால் அந்த இயந்திரம் வைத்திருக்கும் மோசமான விலையில் கணக்கிடுவார்கள். வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும். அப்போது கணக்கிடுவது உங்கள் அட்டையின் நிறுவனம். கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். ரூபியா என்றே சொல்லுங்கள். இதுபோக, நம் வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பது வழக்கம். அந்தக் கட்டணம் இல்லாத அட்டைகளும் கிடைக்கின்றன, விசாரித்து வாங்குங்கள். சில இயந்திரங்களில் பணம் முதலில் வந்து, அட்டை பிறகுதான் வெளியே வரும். பணத்தை எடுத்ததும் நகர்ந்துவிடாதீர்கள்.

டாலரை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. விமான நிலைய கவுன்ட்டரில் விலை மோசம், நகரத்திலேயே இரண்டு மூன்று உரிமம் பெற்ற கடைகளில் விசாரியுங்கள். 100 டாலர் தாளாக, மடிப்போ எழுத்தோ கிழிசலோ இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பாலியில் சின்னத் தாளுக்கு விலை குறைவு, அழுக்குத் தாளை வாங்கவே மாட்டார்கள். இந்திய ரூபாயை அங்கே மாற்றலாம் என்று எடுத்துப் போகாதீர்கள். அதற்குக் கிடைக்கும் விலை பரிதாபம். 25,000 ரூபாய்க்கு மேல் வெளியே கொண்டுபோகவும் அனுமதி இல்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். தேவைக்கு மாற்றிக்கொண்டால் கடைசியில் ரூபியா மிஞ்சாது. மிஞ்சினால் அங்கேயே உரிமம் பெற்ற கடையில் திரும்ப டாலராக்கிவிடுங்கள். சென்னையில் ரூபியாவுக்கு நல்ல விலை கிடைப்பது கடினம்.