நாஸ்கார் யூடியூப் சேனல்: ரேஸ் இலவசம், ரிசல்ட் மட்டும் லேட்

காரைக்குடியில் உட்கார்ந்து அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸ் பார்க்கிற ஆட்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர், நானும் மாமாவும். நேரலை என்றால் நம்மூர்க் கணக்குக்கு பெரும்பாலும் ஞாயிறு நள்ளிரவு ஆகிவிடும், அதனால் அந்த ரேஸை நடத்துகிற நாஸ்கார் அமைப்பின் யூடியூப் சேனலில் முழு ரேஸும் ஏறிய பிறகு டிவியில் போட்டு, ஒரு டப்பா மனகோலத்தோடு உட்காருவோம். படம் தெளிவு, காசு கிடையாது. வர்ணனையின் வேகம் மட்டும் மாமாவுக்கு எட்டாது, அவருக்கு அது தேவையும் இல்லை, வயசுக்காலத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதியாகப் போனவர்.

போன வாரம் 2022 போகோனோ ரேஸைப் போட்டோம். ஒரு பிளேட் கோலா உருண்டை பந்தயம். மாமா 11ஆம் நம்பர் டென்னி ஹாம்லின் பக்கம், நான் 9ஆம் நம்பர் சேஸ் எலியட். ஹாம்லின்தான் முதலில் கொடியைத் தாண்டினார், அதே அணியின் கைல் புஷ் இரண்டாவது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்புறம்தான் சொன்னேன். ரேஸ் முடிந்து சோதித்தபோது இரண்டு காரிலும் முன்பக்கம், ஸ்டிக்கருக்கு அடியில் டேப் இருந்தது. டேப்புதானே என்று நினைக்கக் கூடாது, அந்த வேகத்தில் காற்று பிரிந்து போகிற வாகு கொஞ்சம் மாறினாலே ஆதாயம்தான். இரண்டு பேரையும் தகுதி நீக்கம் செய்துவிட்டு, மூன்றாவதாக வந்த, ஒரு சுற்றுகூட முன்னிலையில் ஓடாத எலியட்டுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் ஜெயித்தவரை இப்படி இறக்கியது 1960க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும் 1949இல் சார்லட்டில் நடந்த இந்தத் தொடரின் முதல் ரேஸிலேயே, முதலில் வந்த கிளென் டன்னவேயின் காரில் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார்கள் என்று (கள்ளச்சாராயம் கடத்திய கார் அது) வெற்றியைப் பிடுங்கி ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தவர்கள் இவர்கள். கார் முதலாளி கோர்ட்டுக்குப் போயும் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில்தான் கை நடுங்கிவிட்டது. 1983இல் ரிச்சர்ட் பெட்டியின் என்ஜின் 358 கன அங்குல வரம்பைத் தாண்டிக் கிட்டத்தட்ட 382 இருந்தது, டயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். 35,000 டாலர் அபராதம், 104 புள்ளி கழிவு, வெற்றி மட்டும் அவருக்கே! அவருடைய 200 வெற்றிகளில் இன்றைக்கும் அதுவும் ஒன்று.

இதைக் கேட்டதும் மாமா, "சின்ன மாடு ஓடுற பூஞ்சிட்டு வண்டியில நடுமாட்டைப் பூட்டிக்கிட்டு வந்தவன்கிட்ட அபராதத்தை வாங்கிக்கிட்டு, பரிசுக் கிடாயையும் அவன் கையிலயே குடுத்து அனுப்புனா, அடுத்த ஊருக்கும் அதே மாட்டோடதான்டா மாப்ள வருவான்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். 2019இல், சோதனையில் மாட்டினால் வெற்றியே போய்விடும் என்று விதியை மாற்றிய பிறகுதான் ஜெயித்தவனுக்கும் பயம் வந்திருக்கிறது.

ஆனாலும் முழு மார்க் போட மாட்டேன். 2023இல் ஹெண்ட்ரிக் அணி, காரின் முன்பக்க மூடியில் காற்றுப் போகும் லூவர்களில் கை வைத்தது என்று நான்கு குழுத் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும் 4 ரேஸ் தடையும் போட்டு, புள்ளிகளில் 100 கழித்தார்கள். அப்பீலில் புள்ளி திரும்பி வந்துவிட்டது, அபராதமும் தடையும் மட்டும் நின்றன. அவ்வளவு பெரிய அணிக்கு அந்தப் பணமெல்லாம் சில்லறை, புள்ளி போனால்தான் வலிக்கும்.

2024 கதை இன்னும் வேடிக்கை. ஜன்னல் பக்கக் காற்றை மறைக்க, விரல்களுக்கு நடுவே வாத்துக்கால் மாதிரி தைத்த கையுறையோடு தகுதிச் சுற்று ஓட்டிய ஜோயி லோகானோவுக்கு 10,000 டாலர் அபராதம். அதே வருடம் இன்னொருத்தர் கார் எடை குறைவு என்று தகுதி நீக்கம் ஆனதில் இவருக்கு, பட்டத்தை முடிவு செய்யும் பிளே-ஆஃபின் அடுத்த கட்டத்தில் இடம் கிடைத்து, கடைசியில் சாம்பியனே ஆகிவிட்டார்!

சேனல் மேல் எனக்கு ஒரே குறை, ரேஸ் முடிந்ததும் வீடியோவும் முடிந்துவிடுகிறது. காரைச் சோதிப்பதைப் பத்து நிமிஷம் சேர்த்துப் போட்டால் என்ன? போகோனோவை அப்படியே பார்க்கிறவன் ஹாம்லின் ஜெயித்தார் என்றுதான் தூங்கப் போவான். ஐந்துக்கு மூன்றரை.

கோலா உருண்டை இன்னும் வரவில்லை. "ரிசல்ட் தெரிஞ்சுக்கிட்டே பந்தயம் கட்டுன உன்னையில்லடா முதல்ல தூக்கணும்" என்கிறார் மாமா.