நெஞ்சுக்குள் நீர்க்கட்டி: ஒரு ஸ்கேன் சென்டர், இரண்டு ஆஸ்பத்திரி பற்றி

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் ஸ்கேன் சென்டருக்கு 5க்கு 3, அதே ஊரில் முதலில் காட்டிய தனியார் ஆஸ்பத்திரிக்கு 5க்கு 1½, திருச்சியில் இரண்டாவதாகப் பார்த்த நெஞ்சு அறுவை டாக்டருக்கு 5க்கு 4½. பெயர்கள் வேண்டாம். ஆள் யார் என்பதை விட, என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்பதுதான் இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் ஒருவருக்கு உதவும்.

நோயாளி என் பெரியம்மா, வலங்கைமான் பக்கம், வயது அறுபதை ஒட்டி. தை அறுவடை முடிந்த கையோடு இருமலும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கும்பகோணத்தில் எக்ஸ்ரே எடுத்தால் இருமலுக்கு சம்பந்தமே இல்லாமல் இதயத்தின் வலது ஓரம், உதரவிதானத்துக்கு மேலே, உருண்டையாக ஒரு நிழல். காய்ச்சல் மாத்திரையில் போய்விட்டது, நிழல் மட்டும் நின்றது. காண்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) போட்டு சிடி ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஸ்கேன் சென்டர் மெஷின் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. காண்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்னால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள், சுகர் மாத்திரை என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், ஊசி போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படாதீங்கம்மா என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொன்னது பெரிய விஷயம், இல்லாவிட்டால் பெரியம்மா எழுந்து ஓடியிருப்பார். குறை எல்லாம் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில். கவரை நீட்டிய பையன், "கட்டி இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்றான். அவ்வளவுதான். வெயிட்டிங் ஹாலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, கட்டி என்ற சொல்லை அப்படியே தூக்கிப் போட்டால் ஒரு கிராமத்து அம்மாவுக்கு அது புற்றுநோய் என்றுதான் காதில் விழும். உள்ளே ரிப்போர்ட்டில் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது: மெல்லிய சுவர், உள்ளே நீர், காண்ட்ராஸ்ட் ஏறவில்லை, பெரிகார்டியல் சிஸ்ட்டாக இருக்கலாம். அதாவது இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையை ஒட்டிய நீர்க்கட்டி. புற்று இல்லை. அந்த ஒரு வரியை வாயால் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்து தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் ஃபிலிமைக் கவரிலிருந்து எடுக்கவே இல்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் படித்தார், "நெஞ்சுக்குள்ள இருக்கு, வைத்திருப்பது ரிஸ்க், எடுத்துடலாம்" என்றார், நாங்கள் வெளியே வருவதற்குள் கவுன்சலிங் மேஜையில் ஒருவர் பேக்கேஜ் தாளை விரித்துவிட்டார். எந்த ரூம், எவ்வளவு டெபாசிட், காப்பீட்டு அட்டை இருக்கிறதா. ஆபரேஷன் சொன்னதே தப்பு என்று நான் சொல்லவில்லை, இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுக்குள் வரும் நீர்க்கட்டிகளில் பல வகை உண்டு. மூச்சுக்குழாயை ஒட்டி வளரும் பிராங்கோஜெனிக் வகை என்றால், தொந்தரவு இல்லாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்லும் டாக்டர்கள் நிறைய, ஏனென்றால் அது பின்னால் சீழ் பிடிக்கலாம், மூச்சுக்குழாயை அழுத்தலாம். பெரிகார்டியல் வகை பெரும்பாலும் சும்மா கிடக்கும். எங்கள் குறை, இது எந்த வகை, எடுக்காவிட்டால் என்ன, வேறு வழி உண்டா என்று மூன்றில் ஒன்றையும் அங்கே பேசாததுதான். பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார், "சார், இது வெடிச்சிடுமா?" அதற்கு வந்த பதில், "அதான் எடுக்கச் சொல்றோம்." ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. ½ மார்க் கழிப்பறை சுத்தமாக இருந்ததற்கு.

திருச்சி டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும், அந்த ½ மார்க் அதனால்தான் போனது. ஆனால் உள்ளே போனதும் அவர் முதலில் கேட்டது சிடி ஸ்கேனின் சிடியை, அதாவது தட்டை. ரிப்போர்ட் தாளை ஓரமாக வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, கட்டியின் நடுவில் மவுஸால் ஒரு சின்ன வட்டம் போட்டார். பக்கத்தில் 8 என்று ஒரு எண் வந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இந்த அளவுகோல்ல தண்ணிக்கு 0, இதுக்கு 8, அப்ப உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட தண்ணி" என்றார். சதைக்கட்டி என்றால் இந்த எண் இன்னும் மேலே போகும், காண்ட்ராஸ்ட் ஏறி வெளுக்கும். பிராங்கோஜெனிக் கட்டியில் சில சமயம் கெட்டியான சளி இருப்பதால் எண் கூடி, சதைக்கட்டி போலவே ஏமாற்றுமாம், அப்போது எம்ஆர்ஐ எடுத்தால் பிரித்துச் சொல்லலாம், இதற்கு இப்போது அந்தச் செலவு தேவையில்லை என்றார். பெரிகார்டியல் வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை பெரியம்மாவுக்கு இருப்பது போல இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் இடையிலான வலது மூலையில்தான் உட்காருமாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவது, அதிலும் பல பேருக்கு வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரியவருகிறது.

அப்புறம் சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி: "வீட்ல ஆடு, நாய் இருக்காம்மா?" பெரியம்மா என்னைப் பார்த்தார். ரெண்டு ஆடு இருக்கு சார், தெரு நாய் ஒன்னு வாசல்ல கிடக்கும். விஷயம் இதுதான்: நாயின் குடலில் இருக்கும் ஒரு நாடாப்புழுவின் முட்டை நம் உடம்புக்குள் போனால் நுரையீரலிலோ கல்லீரலிலோ ஹைடாடிட் என்ற கட்டி வரும், அதுவும் நீர்க்கட்டிதான், ஆனால் அதைத் தெரியாமல் ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் நீர் சிதறி உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம். இவருடையது இருக்கும் இடமும் தோற்றமும் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். வந்தது நெகட்டிவ். இந்தக் கேள்வியை முதல் இடத்தில் யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் இதயம், நுரையீரல், ஓரத்தில் ஒரு முட்டை வரைந்து மூன்று வழியைச் சொன்னார். ஒன்று, ஊசி வழியாக நீரை உறிஞ்சுவது. சுலபம், ஆனால் சுவர் உள்ளேயே இருப்பதால் ஊற்றை விட்டுவிட்டு கிணற்றை இறைக்கிற மாதிரி, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப நிரம்பும். இரண்டு, கேமரா ஆபரேஷன்: விலாவில் இரண்டு மூன்று சின்ன துளை, முழு மயக்கம், அந்தப் பக்க நுரையீரலைச் சுருங்க விட்டு கட்டியை சுவரோடு எடுப்பது, முடிந்ததும் ஒன்றிரண்டு நாள் நெஞ்சில் டியூப். நல்ல தீர்வுதான், ஆனால் அது முழு ஆபரேஷன், துளை சின்னது என்பதால் சின்ன ஆபரேஷன் ஆகிவிடாது. மூன்று, தொடாமல் கவனிப்பது. கட்டி நாலு சென்டிமீட்டர்கூட இல்லை, எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) பார்த்தால் இதயத்தை அழுத்தவில்லை, தொந்தரவு எதுவும் இல்லை, அதனால் என் வோட்டு மூன்றாவதுக்கு என்றார்.

எனக்குப் பிடித்தது, எப்போது மனம் மாறுவேன் என்பதையும் அவரே சொன்னதுதான். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், படபடப்பு வந்தால், கட்டி வளர்ந்தால், உள்ளே ரத்தமோ சீழோ சேர்ந்தால் ஆபரேஷன். அதற்கும் அவசரமாகக் கடன் வாங்க வேண்டாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, இந்த ஆபரேஷன் அதில் எந்த ஆஸ்பத்திரியில் வரும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள் என்றார். கவனிப்பதற்கும் வருஷம் தவறாமல் சிடி வேண்டாம், ஒரு நெஞ்சு சிடி பல பத்து எக்ஸ்ரே அளவு கதிர்வீச்சு, கட்டி எக்கோவிலேயே தெரிவதால் ஆறு மாதத்தில் எக்கோ போதும்.

வெடிச்சிடுமா கேள்வியை பெரியம்மா இங்கேயும் கேட்டார். "ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. நெஞ்சுல பலமா அடி மட்டும் படாம பார்த்துக்குங்க." அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது: மேட்டூர்ல ஜூன் 12க்குத் தண்ணி திறந்துட்டா குறுவை நடவுக்குக் குனிஞ்சு நிக்கலாமா? டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டு, அங்கேயே குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்துவிட்டு, தாராளமா போங்க, மூச்சு வாங்கினா அன்னைக்கே நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க என்றார்.

கன்சல்டிங் 700 ரூபாய். ஆபரேஷன் வேண்டாம் என்று கேட்கவா 700 என்று பெரியப்பா முணுமுணுத்தார், எனக்கு அது சல்லிசாகத்தான் பட்டது.

போகிறவர்களுக்கு: ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் சென்டரில் தட்டையும் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். கையில் ஒரு பழைய எக்ஸ்ரே இருந்தால் எவ்வளவு பழசானாலும் எடுத்துப் போங்கள், அப்போதே அந்த நிழல் இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கீழே கேண்டீன் காபி வாயில் வைக்க முடியாது, டோக்கனுக்குக் காத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கையோடு தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.