குளக்கட்டு நடையா, சைக்கிளா? தம்பிக்கு எந்தப் பனிச்சறுக்கு?

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் 200 மீற்றர் நடந்தால் என் இடது ஆடுசதை முறுக்கிப் பிடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடும். பிறகு இன்னொரு 200. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காத வாகனம் இல்லை என்பார்கள். எனக்கு வழி முழுக்க முறிகண்டிதான்.

காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் கொழுப்புப் படிந்திருக்கிறது. வாய்க்கால் தூர்ந்த மாதிரி. சும்மா இருக்கும்போது வருகிற இரத்தம் போதும், சதை வேலை செய்தால் போதாது. சுருட்டும் சீனி வருத்தமும் சேர்ந்து செய்த வேலை.

நோர்வேயில் இருக்கிற தம்பிக்கும் இதே வருத்தம். "மலையிலிருந்து சறுக்கிறதா, சமதரையில் சறுக்கிறதா, எது நல்லது அண்ணை?" என்று பனியையே காணாத என்னிடம் கேட்கிறான். ஆனால் என் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

சைக்கிளில் சந்தைக்கு வலியில்லாமல் போய்வருவேன். மிதிக்கும்போது பாரம் பெரும்பாலும் தொடைக்குத்தான். (அடைப்பு இன்னும் மேலே இருப்பவர்களுக்குத் தொடையே வலிக்கும், அவர்கள் கணக்கு வேறு.) இருதயத்துக்கும் நல்லது. ஆனால் வலிக்கிற ஆடுசதைக்கு அதில் பெரிய வேலை இல்லை. நடைதான் அதைப் பழக்கும். நன்றாக வலிக்கும்வரை நடந்து, வலி போகும்வரை நின்று, திரும்ப நடப்பது. கிழமைக்கு 3 நாள், ஒரு தரத்துக்கு 30 நிமிடத்துக்குக் குறையாமல், 12 கிழமையாவது. சுகமில்லாத வழிதான், ஆனால் என் வாக்கு நடைக்கே.

தம்பிக்கும் அதே கணக்கில்தான் சொன்னேன். மலைச்சறுக்கில் ஏறுவதற்கு இழுவைக்கதிரை இருக்கிறது, அது ஒன்றுதான் லாபம். சப்பாத்து கல்லுப்போல இறுகி ஆடுசதையை நெரிக்கும். முழங்கால் மடித்தபடி தொடை விறைத்து நிற்கும். கதிரையில் அசையாமல் இருக்கும்போது குளிர் ஏறும். குளிரில் நாடி இன்னும் சுருங்கும். சமதரைச் சறுக்கிலோ சப்பாத்து மெத்தென்று வளையும், கைத்தடிகள் பாரத்தில் பங்கெடுக்கும், நினைத்த இடத்தில் நிற்கலாம். உந்தும்போது ஆடுசதை வலிக்கத்தான் செய்யும். அதுவும் நடைதானே, சரி, வழுக்குகிற நடை.

இறுக்கமான நீளக் காலுறை வாங்கி வைத்திருக்கிறானாம். அது நாளம் (இரத்தத்தைத் திரும்ப இருதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) புடைத்தவர்களுக்கு உரியது. நாடி அடைபட்ட காலில், டொக்டரைக் கேட்காமல் போட்டால் வருகிற கொஞ்ச இரத்தமும் குறையலாம். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள்; 0.9க்குக் கீழே என்றால் அடைப்புத்தான். அதைப் பார்த்துவிட்டுப் போடு என்றேன். விறைத்த பாதத்தைச் சுடுதண்ணீரில் வைக்கவும் வேண்டாம், சீனி வருத்தக் காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம். எனக்கு நெருஞ்சி முள் குத்தினாலே தெரிவதில்லை, அதனால் குளக்கட்டில் சப்பாத்தோடுதான் நடை.

இரவில் படுத்திருக்கும்போதே வலித்தாலோ, பாதத்தில் புண் ஆறாவிட்டாலோ இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. கால் திடீரென்று வெளிறிக் குளிர்ந்தால் விடியும்வரைகூட இருக்கக்கூடாது.

நேற்று குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் வான்கதவு வரை நிற்காமல் போனேன். திரும்பி வரும்போது இரண்டு தரம் நின்றேன்.